பத்துக்குப் பத்து அறையில் தெளிவான கிட்டார்: மைக்கா, நேரடி இணைப்பா?

"அண்ணா, நல்ல மைக் ஒண்ணு வாங்கட்டுமா, இல்ல இன்டர்ஃபேஸ் வாங்கட்டுமா? இல்லன்னா இருக்கிற ஆம்ப்பைக் கொடுத்துட்டு பெருசா ஒண்ணு எடுத்துடட்டுமா?" சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் தம்பிகள், மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் பிடிப்பவர்கள், கல்லூரியில் பேண்ட் ஆரம்பித்திருக்கும் பிள்ளைகள் என எல்லோரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான். கையில் பத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய் இருக்கும். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ, புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ இருக்கும். படுக்கையறைதான் ரெக்கார்டிங் அறை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் முதல் செலவு இன்டர்ஃபேஸ், அதாவது கிட்டாரையும் மைக்கையும் லேப்டாப்போடு இணைக்கும் சின்னப் பெட்டி. அதில் நேரடியாகச் செருகி வாசியுங்கள், மைக் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அக்கூஸ்டிக் என்றால் இன்டர்ஃபேஸோடு ஒரு மைக்கும் வேண்டும். எந்த மைக் என்பதை உங்கள் தெருவின் சத்தத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஆம்ப்பை, அதாவது கிட்டார் ஒலிபெருக்கியை, மாற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசைக்குக் காரணங்கள் உண்டு. உங்கள் நிலைமை வேறாக இருந்தால் வரிசையும் மாறும். அதனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் விரித்தே பார்த்துவிடலாம்.

முதலில், தெளிவு என்று எதைச் சொல்கிறோம்? ட்ரெபிளை ஏற்றினால் கூர்மை வரும், தெளிவு வந்துவிடாது. ஜி கார்டு அடிக்கும்போது ஆறு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். பிக் கம்பியைத் தொடும் நொடி தெரிய வேண்டும். பாடுபவரின் குரல் வந்து சேர்ந்த பிறகும் கிட்டாரைத் தேட வேண்டிய நிலை வரக் கூடாது. ஸ்டாண்டர்ட் டியூனிங்கில் தடித்த ஈ கம்பியின் அடிச்சுருதி 82 ஹெர்ட்ஸ். மெல்லிய ஈ கம்பியை 24-ஆம் ஃப்ரெட்டில் பிடித்தால்கூட 1,319 ஹெர்ட்ஸ்தான் வரும். நாம் தெளிவு என்று உணர்வது பெரும்பாலும் அதற்கு மேலே, ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள மேற்சுரங்களில் (அடிச்சுருதியோடு சேர்ந்து மேலே ஒலிப்பவற்றில்) இருக்கிறது. ஒலியை மந்தமாக்கும் பகுதி கீழே, 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கிறது. தவறான இணைப்பு மேற்பகுதியை விழுங்கிவிடும். சின்ன அறை கீழ்ப்பகுதியை ஊதிவிடும். வீட்டில் ரெக்கார்டு செய்து "ஏதோ சரியில்லையே" என்று தோன்றும் பெரும்பாலான கிட்டார்களில் இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்கும். எதை வாங்குவது என்ற கேள்விக்கும் விடை இதிலிருந்துதான் வருகிறது.

செல்போன் போதுமா?

பாட்டு எழுதும்போது மெட்டு மறக்காமல் இருக்க, குழுவில் மற்றவர்களுக்கு அனுப்பிக் காட்ட, போதும். அதற்கு மேல் வேண்டாம். போன் மைக் எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒலியை எடுத்துக்கொள்ளும், அதனால் கிட்டாரைவிட அறைதான் அதிகம் பதிவாகும். பேச்சுக்காக வைத்திருக்கும் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு, பலமாக அடித்த கார்டை அமுக்கி, மெல்ல மீட்டியதைத் தூக்கிவிடும். உங்கள் கையின் ஏற்ற இறக்கம் அங்கேயே தொலைந்துவிடும். போன்தான் இருக்கிறது என்றால், டபிள்யூஏவி வடிவில் பதிவு செய்யும் ஆப்பாகவும், அந்தத் தானியங்கிக் கட்டுப்பாட்டை அணைக்கும் வசதி உள்ளதாகவும் பார்த்து எடுத்து, போனை ஏர்ப்ளேன் மோடில் வைத்து, கிட்டாரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து வாசியுங்கள்.

நேரடியாகச் செருகுவது

எலெக்ட்ரிக் கிட்டார்காரர்களில் பலர் முதலில் செய்வது, கடையில் ஒரு கன்வெர்ட்டர் பின் வாங்கி, கிட்டார் கேபிளை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் செருகுவது. சத்தம் வரும், ஆனால் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மூடிக்கொண்டு வரும். கிட்டாரில் கோளாறு என்று பிக்கப்பை மாற்றியவர்கள்கூட உண்டு. கோளாறு அங்கே இல்லை.

பிக்கப் என்பது கிட்டார் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும், காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருள். ஆயிரக்கணக்கான சுற்றுகள் இருக்கும். அந்தச் சுருளும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. அது பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு மேடு போல எழும். தெளிவு குடியிருக்கும் இடமும் அதுதான் என்று மேலே சொன்னேன். எதிரே இருக்கும் கருவியின் உள்வாங்கும் மின்தடை குறைவாக இருந்தால் அந்த மேடு தட்டையாகிவிடும். லேப்டாப் மைக் ஓட்டையின் மின்தடை சில கிலோஓம்தான். பேசிவ் (பேட்டரி இல்லாத) பிக்கப் கேட்பதோ 1 மெகாஓம் அளவு. இன்டர்ஃபேஸில் கிட்டார் படம் போட்டோ 'இன்ஸ்ட்' (இன்ஸ்ட்ருமென்ட்) என்று எழுதியோ இருக்கும் இன்புட்டில் அந்த அளவு இருக்கும். அதற்காகத்தான் காசு கொடுக்கிறோம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் போன்றவற்றில் அந்த இன்புட்டை லைன், இன்ஸ்ட் என்று மாற்ற முடியும். லைனிலேயே விட்டுவிட்டு "இன்டர்ஃபேஸ் வாங்கியும் டோன் மந்தமா இருக்கு" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். முதலில் அதைப் பாருங்கள்.

கேபிளும் இதே கணக்கில் வருகிறது. சாதாரணக் கிட்டார் கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபேரட் அளவில் மின்தேக்கம் இருக்கும். பத்து மீட்டர் மேடைக் கேபிளை அறைக்குள் சுருட்டி வைத்து வாசித்தால் அந்த மேடு கீழே இறங்கி ஒலி மங்கும். மூன்று மீட்டர் கேபிள் வீட்டுக்குப் போதும். விலையுயர்ந்த கேபிள் தேவையில்லை, குட்டையான கேபிள்தான் தேவை.

சரியான இன்புட்டில் செருகியதும் க்ளீன் டோன் பளிச்சென்று வரும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்டால் மட்டும் தகர டப்பாவில் வண்டை அடைத்தது போல இரையும். காரணம், நாம் மேடையில் கேட்டுப் பழகிய ஒலியில் ஸ்பீக்கரின் பங்கு பெரிது. 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே செங்குத்தாக இறங்கிவிடும். செலஸ்டியன் வின்டேஜ் 30-க்கு அந்த நிறுவனமே தரும் அளவு 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். டிஸ்டார்ஷன் பிறப்பிக்கும் காரமான மேல் ஒலிகளை அந்த ஸ்பீக்கர்தான் வடிகட்டுகிறது. நேரடி இணைப்பில் அது இல்லாததால் அதன் வேலையை மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் அதன் முன் வைத்த மைக்கையும் அளந்து எடுத்த சின்னஞ்சிறு ஒலிக் கோப்பை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்கிறார்கள், சுருக்கமாக ஐஆர். ஆம்ப்பின் வேலையை லேப்டாப்பிலேயே செய்யும் மென்பொருளான ஆம்ப் பிளக்-இன்னுக்குப் பின்னால் ஒரு ஐஆர் போட்டதும் அந்த இரைச்சல் அடங்கி உருவம் வரும்.

இதற்குச் செலவு செய்யத் தேவையில்லை. ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் அப்படிப்பட்ட ஒரு பிளக்-இன், இலவசம், திறந்த மூலம். உண்மையான ஆம்ப்களை அளந்து எடுத்த மாடல்களை உலகெங்கும் உள்ளவர்கள் அதற்காகப் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். மாடலை இறக்கும்போது அது ஆம்ப் தலை மட்டுமா, ஸ்பீக்கரும் சேர்ந்ததா என்று படியுங்கள். ஸ்பீக்கர் சேர்ந்த மாடலுக்குப் பின்னால் இன்னொரு ஐஆர் போட்டால் இரண்டு முறை வடிகட்டியதாகி, மறுபடியும் கம்பளிக்குள் போய்விடும். பதிவு செய்ய ரீப்பர் நல்ல மென்பொருள், 60 நாள் முழு வசதியோடு பார்த்துவிட்டு வாங்கலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டிலேயே ஆம்ப்கள் இருக்கின்றன. ஆடாசிட்டி இந்த வேலைக்கு ஒத்துவராது. வாசிக்கும்போதே ஆம்ப் வழியாக வரும் ஒலியை அதில் கேட்க முடியாது.

வாசித்ததற்கும் காதில் கேட்பதற்கும் இடையே வரும் தாமதம்தான் இந்த வழியின் பெரிய தொந்தரவு. 48,000 சாம்பிள் வேகத்தில் 128 சாம்பிள் பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டு) என்றால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட். போகவர, டிரைவர் எல்லாம் சேர்த்துப் பத்து மில்லிசெகண்டை ஒட்டி வரும். அது ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம், மேடையில் தினமும் செய்வதுதான். அதைத் தாண்டினால் தாளம் பிசகும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைக் கட்டாயம் போடுங்கள். லேப்டாப் பழசு, 128-இல் ஒலி வெடிக்கிறது என்றால், பதிவின்போது லேசான ஒரே ஆம்ப்பை வைத்து வாசித்துவிட்டு, கனமானதைப் பிறகு மாட்டுங்கள்.

அப்படி மாட்ட முடிவதுதான் இந்த வழியை நான் முதலில் வைக்கக் காரணம். லேப்டாப்பில் பதிவாவது எந்த ஆம்ப்பும் சேராத வெறும் கிட்டார். குரல், கீபோர்டு, தபேலா எல்லாம் வந்து சேர்ந்த பிறகு கிட்டார் மூடிக்கொள்கிறது என்று தெரிந்தால் ஆம்ப்பை மாற்றலாம், கெயினை (கரகரப்பைக் கூட்டும் அளவை) குறைக்கலாம், மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. தனியாகக் கேட்கும்போது சுகமாக இருந்த டோன் பாட்டுக்குள் போனதும் தெளிவிழப்பது எல்லோருக்கும் நடப்பது. அதைத் திருத்தும் வாய்ப்பைக் கையில் வைத்திருப்பது பெரிய பலம். அடுத்த அறையில் குழந்தை தூங்கினாலும், கீழ் வீட்டில் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தாலும், பதிவில் ஒன்றும் ஏறாது.

ஒரே எச்சரிக்கை: நூறு ஆம்ப் கிடைக்கிறது என்பதால் நூறையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பாட்டு முடியாது. ஒரு க்ளீன், ஒரு லேசான ட்ரைவ், ஒரே ஐஆர். ஒரு மாதமாவது அதையே வைத்துக்கொள்ளுங்கள். கெயினை உங்களுக்குப் பிடித்த இடத்திலிருந்து கால் பங்கு குறைத்து வையுங்கள். பதிவில் தெளிவு கூடுவது அங்கேதான்.

ஆம்ப்புக்கு முன்னால் மைக்

உலகின் பெரிய ஸ்டுடியோக்களில் கிட்டார் ஆம்ப்புக்கு முன்னால் இன்றும் நிற்பது பெரும்பாலும் ஷூர் எஸ்எம்57. 1965-இல் வந்த டைனமிக் மைக் (தனி மின்சாரம் கேட்காத, முரட்டு வகை), இன்னமும் விற்பனையில் இருக்கிறது. ஐந்தாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டி அதற்கு இயல்பாகவே ஒரு தூக்கல் உண்டு. அதனால் கிட்டார் கலவைக்குள் முன்னால் வந்து நிற்கும். கீழே விழுந்தாலும் தாங்கும், உப்புக் காற்றிலும் வேலை செய்யும். அந்த மைக்கை நான் மதிக்கிறேன். நல்ல ஆம்ப்பும் அதைத் திறந்து வாசிக்க இடமும் இருப்பவருக்கு, வாசிக்கும் விரலுக்கு ஆம்ப் பதில் சொல்லும் அந்த உணர்வை எந்த மென்பொருளும் முழுதாகத் தருவதில்லை.

ஆனால் கேள்வி கேட்கும் தம்பியிடம் இருப்பது பெரும்பாலும் பத்து வாட் பயிற்சி ஆம்ப். அதில் ஆறு அல்லது எட்டு அங்குல ஸ்பீக்கர் இருக்கும். சின்னப் பெட்டி, சின்ன ஸ்பீக்கர், அதன் ஒலியும் பெட்டிக்குள் அடைபட்டதாகத்தான் வரும். மைக் இருப்பதைத்தான் எடுக்கும். எஸ்எம்57 வாங்கும் காசுக்கு நுழைவுநிலை இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கிவிடலாம். அந்த மைக்கை லேப்டாப்பில் இணைக்கவும் இன்டர்ஃபேஸ் வேண்டும்தானே? இரண்டு வழிக்கும் பொதுவான பொருளை முதலில் வாங்குவதுதான் முறை. சுவர் ஒட்டிய வீடுகள் நிற்கும் தெருவில், ஆம்ப் நன்றாகப் பேசும் சத்தத்துக்கு அதைத் திறக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி.

ஏற்கெனவே நல்ல ஆம்ப் இருக்கிறது, மைக்கும் இரவல் கிடைக்கிறது என்றால், தாராளமாக இந்த வழியில் போங்கள். ஆம்ப்பைத் தரையில் வைக்காதீர்கள், நாற்காலி மேல் ஏற்றுங்கள். மொசைக் தரையில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு சேர்ந்து சில அதிர்வெண்களைக் குடைந்துவிடும். மைக்கை வலைத்துணியிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் வையுங்கள். ஸ்பீக்கரின் நடுமையத்தைப் பார்த்தால் ஒலி கூர்மை, விளிம்பை நோக்கி நகர நகர மென்மை. இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினால் வரும் வித்தியாசம் எந்த ஈக்யூ குமிழும் (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) தராதது. நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மைக்கை நகர்த்திப் பாருங்கள். சரியான இடத்தில் தரையிலும் ஆம்ப்பிலும் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

மல்டி-எஃபெக்ட்ஸ் பெட்டி

பல எஃபெக்ட்களையும் ஆம்ப் ஒலிகளையும் ஒன்றாக அடக்கிய பெட்டி இது. வாரா வாரம் மேடையேறுபவர்களுக்கு நல்ல சமரசம். மேடையில் நேராக மிக்ஸருக்குக் கொடுக்கும் அதே டோனை யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இறக்கலாம், தாமதமும் இல்லை. பாஸ் கட்டானா போன்ற ஆம்ப்களிலும் யுஎஸ்பி உண்டு. வாங்கும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: சில பெட்டிகளில் யுஎஸ்பி ஓட்டை மென்பொருள் புதுப்பிக்க மட்டும்தான், ஒலி போகாது. பெரும்பாலான பெட்டிகளில் குரலைப் பதிவு செய்ய முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். வெறும் ரெக்கார்டிங்குக்காக என்றால் இன்டர்ஃபேஸ்தான் மேல்.

அக்கூஸ்டிக்: அறையும் தெருவும் உள்ளே வரும் இடம்

எலெக்ட்ரிக்கில் தப்பித்த அறை இங்கே முழுதாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் மைக் பெயர்களுக்குப் போகும் முன் அறையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பத்தடிக்குப் பத்தடி அறை, தளமும் பத்தடி உயரம். இப்போது கட்டும் வீடுகளில் சர்வசாதாரணமான அளவு இது. ஒலிக்கு இதைவிடக் கெட்ட அளவு கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பி நிற்கும் அலையாகும் அதிர்வெண்ணை, ஒலியின் வேகத்தை இருமடங்கு நீளத்தால் வகுத்துக் கண்டுபிடிக்கலாம். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் போகும், பத்தடி 3.05 மீட்டர், ஆக 57 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்கு 114, மும்மடங்கு 171. மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் மூன்று பக்கத்து அலைகளும் இதே எண்களில் வந்து குவியும். கிட்டாரின் திறந்த ஏ கம்பி 110 ஹெர்ட்ஸ். பெரிய உடல் கொண்ட ட்ரெட்நாட் வகைக் கிட்டாரின் உடலுக்குள் இருக்கும் காற்றும் 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் முழங்கும். ஏ கார்டு அடித்தால் மட்டும் "பூம்" என்று அறையே எழுந்து நிற்பது இதனால்தான். அறையை மாற்றாமல் எவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கினாலும் அந்தப் பூம் கூடவே வரும்.

செய்யக்கூடியது என்ன? நீள அகல உயரம் மூன்றும் வேறுபடும் அறை எது என்று வீட்டில் தேடுங்கள், பெரும்பாலும் ஹால்தான். மூலையில் உட்காராதீர்கள், அறையின் நட்டநடுவிலும் வேண்டாம். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் உட்கார்ந்து பாருங்கள். துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைத்து, மைக்கின் முதுகு அறையைப் பார்க்காமல் நீங்கள் அந்தத் துணிகளை நோக்கி வாசியுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வையுங்கள். மெல்லிய ஃபோம் தகடுகளைச் சுவரில் ஒட்டுவதற்குச் செலவழிக்க வேண்டாம். அவை மேல் ஒலியை மட்டும் உறிஞ்சும், 114 ஹெர்ட்ஸைத் தொடக்கூட மாட்டா. தெளிவு போய் முழக்கம் மிஞ்சும்.

புதுச்சேரி பழைய வீதிகளில், மெட்ராஸ் டெரஸ் தளம் போட்ட உயரமான கூடம் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு கதை. அங்கே 114 ஹெர்ட்ஸ் தொல்லை குறைவு, ஆனால் சுண்ணாம்புச் சுவரும் உயரமும் சேர்ந்து எதிரொலி நீளும். மெதுவான ஃபிங்கர்பிக்கிங்குக்கு அது தேவாமிர்தம். வேகமான ஸ்ட்ரம்மிங்குக்கு ஒரு கார்டு அடுத்ததன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் எதிரொலி பின்னால் போய்விடும்.

இப்போது மைக். கண்டென்சரா, டைனமிக்கா, கிட்டாரிலேயே இருக்கும் பீசோ பிக்கப்பா?

பீசோ, கிட்டார் உடலில் கம்பிகள் தாங்கி நிற்கும் சேணம் என்ற பட்டைக்கு அடியில் இருக்கும். மேடையில் அது ஒரு வரம், ஃபீட்பேக் (ஸ்பீக்கர் வீறிடுவது) எளிதில் வராது. பதிவில் மட்டும் பலமாக அடித்தால் மரத்தின் சுவையே இல்லாமல் மூக்கால் பேசும். மெட்டு, தாளம் குறித்து வைக்க, அல்லது மற்ற கருவிகளுக்கு நடுவே ஸ்ட்ரம்மிங் மட்டும் போதும் என்றால், அதை இன்ஸ்ட் இன்புட்டில் செருகிக்கொள்ளுங்கள். கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள பாட்டுக்கு வேண்டாம்.

தெளிவில் கண்டென்சர்தான் முன்னால் நிற்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விரல் கம்பியில் உரசுவதிலிருந்து நகம் பட்ட சத்தம் வரை எடுக்கும். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால்தான் அது உயிர்பெறும். கிட்டாரின் வாய்த் துளைக்கு நேரே வைக்காதீர்கள், அங்கேதான் உடலின் முழக்கம் கொட்டுகிறது. கழுத்து உடலோடு சேரும் இடத்தில், 12 முதல் 14-ஆம் ஃப்ரெட்டைப் பார்த்து, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். இன்னும் மெல்லியதாக வேண்டுமென்றால் தலைப்பக்கம் நகருங்கள், சதைப்பிடிப்பு வேண்டுமென்றால் துளைப்பக்கம். ஒரு கிட்டாருக்கு இரண்டு மைக் வைப்பதை இணையத்தில் நிறையக் காட்டுகிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் அது ஒன்றையொன்று அழிக்கும் குழப்பத்தைத்தான் தரும். ஒரு மைக், சரியான இடம், அவ்வளவுதான்.

ஆனால் கண்டென்சர் தெருவையும் எடுக்கும். காக்கை, குக்கர் விசில், மீன்காரரின் கூவல், பக்கத்து வீட்டுக் கம்ப்ரசர், மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி. மின்விசிறியை நிறுத்தாமல் பதிவு செய்யவே முடியாது. மே மாதக் கடலூர்ப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் மூன்று டேக் எடுப்பது உடம்புக்கு ஆகாது, கை வியர்த்து வாசிப்பும் கெடும். தெருவை ஒட்டிய அறை, ஜன்னல் சரியாக மூடாது, இரவு பத்து மணிக்கு முன் அமைதி கிடையாது என்றால் டைனமிக் மைக்கையே வாங்குங்கள். எஸ்எம்57-ஐ ஒரு சாண் தூரத்தில் அதே 12-ஆம் ஃப்ரெட்டில் வைத்து, கொஞ்சம் பலமாக வாசித்தால், கண்டென்சரின் பளபளப்பு வராவிட்டாலும் உறுதியான, பாட்டுக்குள் பொருந்தும் ஒலி வரும். பின்னால் ஆம்ப்புக்கும் குரலுக்கும் அதே மைக் உதவும்.

கண்டென்சருக்குள்ளேயே இன்னொரு தேர்வு. ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020-இன் சுய இரைச்சல் 20 டெசிபல், ரோட் என்டி1-இல் அது 4 டெசிபல்தான். காகிதத்தில் பெரிய வித்தியாசம். நகரத்துத் தெருவில் இருக்கும் படுக்கையறை இரவிலும் 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அபூர்வம், ஆகவே மைக்கின் இரைச்சல் அறையின் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். ஆரோவில் பக்கமோ நெல்லிக்குப்பம் தாண்டிய கிராமத்திலோ, இரவில் உண்மையான அமைதி கிடைக்கிற வீட்டில் மெல்லிய ஃபிங்கர்பிக்கிங் எடுப்பவர் கூடுதல் காசை என்டி1-இல் போடலாம். மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் இருப்பவர் அந்தக் காசை மிச்சம் பிடித்து நல்ல ஸ்டாண்டும் மூடிய வகை ஹெட்போனும் வாங்கட்டும்.

பீசோவையும் மைக்கையும் ஒரே நேரத்தில் இரண்டு டிராக்கில் எடுப்பது எனக்குப் பிடித்த நடுவழி. அடிப்பகுதிக்கு பீசோ, மேற்பகுதிக்கு மைக். சத்தமான வீட்டில் இது கைகொடுக்கும். 30 சென்டிமீட்டர் தூரத்து மைக்குக்கு ஒலி ஏறத்தாழ 0.86 மில்லிசெகண்ட் தாமதமாகப் போகும். 48,000 வேகத்தில் 41 சாம்பிள். மைக் டிராக்கை அந்த அளவுக்கு முன்னால் இழுத்து வையுங்கள். பிறகு ஒன்றின் ஃபேஸைத் திருப்பி (அலையை மேல்கீழாகப் புரட்டி) பார்த்து, எதில் அடி ஒலி நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இழுக்காமல் விட்டால் இரண்டும் சேர்ந்து ஒலி சூம்பிப்போகும்.

ரெக்கார்டிங் அளவைப் பற்றி ஒரே வரி: 24-பிட்டில் எடுங்கள், உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும், சிவப்பு விளக்கு பக்கமே போக வேண்டாம். மிக்ஸிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 250 பக்கம் இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் பெரும்பாலும் போதும்.

கரண்ட் செய்யும் வேலை

எந்த வழியில் போனாலும் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் தெளிவு போனதுதான். அது இரண்டு வகை. அடித்தொண்டையில் வரும் மெல்லிய ஹம், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் ஏறுவது. இதற்காகத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் ஹம்மை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரை உருவாக்கினார். சிங்கிள் காயில் கிட்டார் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் ஹம் அடங்கும். அந்தத் திசையில் உட்கார்ந்து வாசியுங்கள்.

இரண்டாவது வகை, காரமாக "ஸ்ஸ்ர்ர்" என்று வரும். கம்பியைத் தொட்டால் நின்றுவிடும், விட்டால் வரும். அது எர்த்திங் பிரச்சினை. இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பில் இது சகஜம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் வாசித்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரும் இதைச் செய்யும். வீட்டில் மூன்றாவது பின்னுக்கு உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இது ஒலிக்கு மட்டுமல்ல, உயிருக்கும் பாதுகாப்பு. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது இரைச்சல் இன்னும் கூடும், சைன் வேவ் இன்வெர்ட்டரில் அவ்வளவு இராது.

கரண்ட் போன நேரம் அக்கூஸ்டிக் பதிவுக்கு அருமையான நேரம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விசிறி, ஃபிரிட்ஜ், மோட்டார், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஒரே நொடியில் அடங்கிவிடும். யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸ் என்றால் லேப்டாப் பேட்டரியிலேயே வேலை நடக்கும். தனி அடாப்டர் கேட்கும் இன்டர்ஃபேஸை நான் பரிந்துரைக்காததற்கு இதுவும் காரணம்.

கடல் காற்று

கடைசியாக, கருவி வாங்குவதோடு சேர்த்தே காசு ஒதுக்க வேண்டிய விஷயம். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் போலக் கடலை ஒட்டி இருப்பவர்களுக்குக் கம்பி மிகச் சீக்கிரம் கறுத்துவிடும். கறுத்த கம்பியில் மேற்சுரம் வராது, வராத ஒன்றை மைக்காலும் ஐஆராலும் கொண்டுவர முடியாது. பழைய கம்பியும் விலையுயர்ந்த மைக்கும் சேர்ந்த பதிவைவிட, புதுக் கம்பியும் சாதாரண மைக்கும் சேர்ந்தது தெளிவாக இருக்கும். மேல்பூச்சு போட்ட கம்பிகள் விலை கூடுதல்தான். இந்தக் கரையில் அவை அந்த விலைக்குத் தகும். பதிவுக்கு முதல் நாள் மாற்றுங்கள். நன்றாக இழுத்துவிட்டு, ஒரு ராத்திரி நிலைக்க விட்டால் மறுநாள் சுருதி நழுவாது. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடையுங்கள்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் 80-ஐத் தாண்டி நிற்கும். மேல்பலகை உப்பி, கம்பி உயர்ந்து, ஒலி கனத்துப்போகும். அந்த மாதங்களில் கிட்டாரைச் சுவரில் மாட்டி வைக்காமல் கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். கண்டென்சர் மைக்குக்கும் அதே கவனிப்பு தேவை. ஈரம் உள்ளே ஏறினால் படபடவென்று வெடிக்கும் சத்தம் வரும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைத்து, பதிவுக்கு அரை மணி நேரம் முன்னால் எடுத்து 48 வோல்ட் கொடுத்து வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால், நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காமல் தனியாக வைத்துவிடுங்கள்.